இடைக்கால நகர வரலாற்றுச் செமினாரில் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன?

வரும் பருவத்தில் இடைக்கால ஐரோப்பிய நகரங்கள் பற்றிய செமினார் ஒன்றில் சேரவிருக்கும் முதுகலை மாணவர் ஒருவர், இதுவரை விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துத் தேர்வெழுதியே பழகியிருப்பதாகவும், செமினாரில் தம்மிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். வாரந்தோறும் எவ்வளவு படிக்க வேண்டும், வகுப்பில் எந்த அளவுக்குப் பேச வேண்டும், லத்தீன் தெரியாமல் ஆய்வுக்கட்டுரை எழுத முடியுமா என்பவை அவருடைய குறிப்பான கேள்விகள். இந்தப் பாடத்தைப் பல காலமாக நடத்தி வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். பாடத்திட்டத் தாளில் இந்த எதிர்பார்ப்புகள் ஒன்றிரண்டு வரிகளாகத்தான் இருக்கும். அவற்றின் காரணம் தெரிந்தால்தான் அவை வெறும் விதிகளாகத் தோன்றாமல் உங்களுக்குப் பயன்படும்.

விரிவுரையில் ஆசிரியர் முடிவுகளைச் சொல்கிறார். செமினாரில் அந்த முடிவுகள் எந்தச் சான்றிலிருந்து எப்படி எட்டப்பட்டன என்பதை மாணவர்களே பிரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே உங்களிடம் எல்லாவற்றுக்கும் முதலாக எதிர்பார்க்கப்படுவது, அந்த வாரத்துக்குரிய மூல ஆவணத்தை வகுப்புக்கு முன்பே படித்து, அதைப் பற்றி நீங்களே எழுப்பிய ஒரு கேள்வியோடு வருவதுதான். வருகைப்பதிவு, குறிப்புரை, கட்டுரை என்று மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை. பொதுவாக ஒரு வாரத்துக்கு ஓர் ஆவணத் தொகுதியும் இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகளும் இருக்கும். பலரும் ஆய்வுக் கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் ஆவணத்தைப் புரட்டுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. அறிஞர் ஒருவர் சொன்ன விளக்கத்தைத் தெரிந்துகொண்ட பிறகு ஆவணத்தைத் திறந்தால், அவர் கண்டதுதான் உங்களுக்கும் தெரியும். அவர் கண்டுகொள்ளாமல் விட்ட வரி உங்கள் கண்ணிலும் படாமல் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். வட பிரான்சில் ஆயரின் (பிஷப்பின்) ஆட்சிக்கு உட்பட்டிருந்த லான் நகரத்தில் 1112 ஏப்ரலில் நகரவாசிகள் கிளர்ந்தெழுந்து ஆயர் கோத்ரியைக் கொன்றார்கள். அதற்குமுன் ஆயர் இங்கிலாந்துக்குப் போயிருந்த வேளையில், நகரத்தின் குருமார்களும் பிரபுக்களும் பணம் பெற்றுக்கொண்டு, கம்யூன் எனப்படும், உறுதிமொழியால் பிணைந்த தன்னாட்சி அமைப்பை ஏற்படுத்திக்கொள்ள நகரவாசிகளை அனுமதித்திருந்தனர். திரும்பி வந்த ஆயர் முதலில் சினந்தார், பிறகு தாமும் பணம் வாங்கிக்கொண்டு இசைந்தார், கடைசியில் மன்னர் ஆறாம் லூயியைக் கொண்டு அதை ரத்துசெய்ய வைத்தார். மன்னருக்கு நகரவாசிகள் 400 பவுண்டு தர முன்வந்ததாகவும், ஆயர் தரப்பு 700 பவுண்டு தருவதாகச் சொல்லி அவரைத் தம் பக்கம் இழுத்ததாகவும் எழுதிவைத்தவர் அருகிலிருந்த நோஜான் மடத்தின் தலைவர் கிபேர். ஆயர் நிலவறையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து பிடிபட்டதும், கொல்லப்பட்ட பின் மோதிரத்துக்காக அவருடைய விரல் துண்டிக்கப்பட்டதும் நமக்கு அவர் வழியாகவே தெரிகின்றன.

இந்தப் பகுதியைப் படித்துவரச் சொன்னால், முதல் வாரத்தில் பெரும்பாலோர் கதையைத்தான் சுருக்கிச் சொல்வார்கள். கதைச்சுருக்கம் தேவையில்லை, எல்லோருமே அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்யூன் என்பதைப் புதிய, மிகத் தீய பெயர் என்று வெறுப்போடு குறிப்பிடும் கிபேர், கொல்லப்பட்ட ஆயரையும் ஏன் அதே கடுமையோடு சாடுகிறார் என்று ஒருவர் கேட்டால் அங்கே வகுப்பு தொடங்கிவிடுகிறது. இன்னொருவர் அவருடைய வசைக்கு அடுத்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டலாம். பண்ணையடிமைகள் வழக்கமான வரியை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கட்டினால் போதும், குற்றம் செய்தால் சட்டப்படியான அபராதத்தோடு சரி, மற்ற கட்டாய வசூல்கள் எல்லாம் நீங்கும் என்று கம்யூனின் உள்ளடக்கத்தை அங்கே அவரே விளக்குகிறார். எதிரியின் வாயிலிருந்து வந்த விளக்கம் என்பதாலேயே அதன் மதிப்பு கூடுகிறது. நகரவாசிகள் கேட்டது எல்லையற்ற விடுதலையா, அல்லது எப்போது எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் பாதுகாப்பா என்ற வினா அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறக்கிறது. ஒரு மணி நேர விவாதத்துக்கு அது போதும்.

ஆகவே ஒவ்வோர் ஆவணத்தையும் இதை எழுதியவர் யார், யாருக்காக, எந்தத் தேவையை முன்னிட்டு எழுதினார், இது எப்படி இன்றுவரை தப்பிப் பிழைத்தது என்ற கேள்விகளோடு அணுகுங்கள். கடைசிக் கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். நகர வரலாற்றில் அதுவே மிகக் கூர்மையானது. லண்டனில் அக்கம்பக்கத்தாரின் தொல்லைகள் குறித்த வழக்குகளை விசாரித்த நகர மன்றத்தின் பதிவுகள் 1301 முதல் 1431 வரையிலான காலத்துக்குக் கிடைக்கின்றன. 1314இல் ஆலிஸ் வேட் என்ற பெண் தம் வீட்டு மாடியறையின் கழிப்பிடத்திலிருந்து ஒரு மரக்குழாயை இறக்கி, பல வீடுகளுக்கு அடியில் ஓடிய மழைநீர் வடிகாலோடு இணைத்துவிட்டார் என்றும், நாற்றம் தாங்கவில்லை என்றும் வழக்கு வருகிறது. குழாயை 40 நாளுக்குள் அகற்றும்படி தீர்ப்பாகிறது. இத்தகைய பதிவுகளைக் கொண்டு இடைக்கால நகரமே சாக்கடைக்குள் கிடந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் அந்த வடிகால் வேறொரு பயனுக்காகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருந்ததும், அதைக் கெடுத்தவர்மீது அயலார் முறையிட்டதும், மன்றம் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னதும் அதே பதிவில்தான் இருக்கின்றன. ஒழுங்காக இயங்கிய வடிகால் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வழக்கானது மட்டுமே ஏறும். தூய்மையை எவரும் பொருட்படுத்தாத ஊரில் இப்படியொரு வழக்கே எழுந்திருக்காது. ஆவணம் உருவான விதத்தைக் கணக்கில் கொள்ளாமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்தாள்வது எவ்வளவு பெரிய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதை இந்த ஒரு வழக்கைக் கொண்டே விளக்கிவிடலாம்.

எண்களைக் கையாளும்போது இன்னும் கூடுதலான கவனம் எதிர்பார்க்கப்படும். நகரம் என்றதும் அதன் மக்கள்தொகை என்ன என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. இணையத்தில் தேடினால் உருண்டையான ஓர் எண் உடனே கிடைத்துவிடுகிறது. பிரான்சில் 1328இல் எடுக்கப்பட்ட அடுப்புக் கணக்கெடுப்பு, அதாவது ஓர் அடுப்பை ஒரு குடும்பமாகக் கொண்ட கணக்கு, பாரிசிலும் அதை ஒட்டிய சென் மார்செல் பகுதியிலும் சேர்த்து 61,098 அடுப்புகள் இருந்ததாகக் காட்டுகிறது. ஓர் அடுப்புக்கு மூன்றரைப் பேர் என்று கொண்டால் 2,13,843 பேர். ஐந்து பேர் என்று கொண்டால் 3,05,490 பேர். அந்த அடுப்பு எண்ணிக்கையே மிகையானது, பாரிசின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூட எட்டியிருக்காது என்று வாதிட்டவர்களும் உண்டு. எந்த எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதோடு, அதை எந்தப் பெருக்கல் காரணியால் பெற்றீர்கள், அந்தக் காரணியை ஏன் தேர்ந்தீர்கள் என்பதையும் எழுதினால்தான் அது வரலாற்று எழுத்தாகிறது. புளோரன்சின் வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி தம் நகரத்தில் ஆண்டுக்கு 5,500 முதல் 6,000 குழந்தைகள் வரை ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்கிறார். அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார்: சான் ஜொவான்னி திருமுழுக்குக் கோயிலின் குரு ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் ஒரு கறுப்பு அவரை விதையையும், பெண் குழந்தைக்கு ஒரு வெள்ளை விதையையும் எடுத்துவைப்பாராம். இந்த வரியைக் கண்ட மாணவர், நகரத்துக்கு வெளியே பிறந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளும், ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனவர்களும் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள் என்று கேட்பார் என்றால், அவருக்கு நான் கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை.

ஆய்வு நூல்களைப் படிப்பதில் எதிர்பார்க்கப்படுவது வேறு வகையான திறன். இந்தத் துறையில் பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஹென்றி பிரென் தொலைதூர வணிகத்தின் மறுமலர்ச்சியே நகரங்களை உயிர்ப்பித்தது என்று வாதிட்டார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் தன்னாட்சி, தனிச் சட்டம், நீதிமன்றம் ஆகியவற்றைக் கொண்ட குடிமக்கள் சமூகத்தையே முழுமையான நகரம் என்று வரையறுத்தார். இருவரையும் படிக்காமல் தப்ப முடியாது. அதே சமயம் அவர்களுடைய முடிவுகள் இன்று அப்படியே ஏற்கப்படுவதும் இல்லை. சுற்றுப்புற வேளாண்மையின் வளர்ச்சி, ஆயர்களும் பிரபுக்களும் தாங்களே முன்னின்று உருவாக்கிய சந்தைகள், அகழாய்வு வெளிப்படுத்திய தொடக்ககால வணிகக் குடியிருப்புகள் ஆகியவை பிரெனின் சித்திரத்தை வெகுவாக மாற்றிவிட்டன. வேபரின் அளவுகோலைக் கெய்ரோவின்மீதோ டமாஸ்கசின்மீதோ வைத்தால் அவை நகரங்களே அல்ல என்றாகிவிடும். அளவுகோலில்தான் குறை என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. ஒரு நூலை அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது, எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, அதன் பிறகு என்ன கண்டறியப்பட்டது என்று எடைபோட்டுப் பாருங்கள். பழைய அறிஞர்களை எளிதில் மடக்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதால் பயனில்லை.

நகரக் காற்று விடுதலை தரும் என்ற வாக்கியத்தை நீங்கள் பாடநூல்களில் நிச்சயம் சந்தித்திருப்பீர்கள். இடைக்கால மக்களின் பழமொழி போல மேற்கோள் காட்டப்படும் இந்த வடிவம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சட்ட வரலாற்றாசிரியர்களிடமிருந்து வந்தது. இடைக்காலப் பட்டயங்களில் இருப்பது அதைவிட வறட்சியான, ஆனால் சுவையான ஒன்று. பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி 1155இல் உறுதிசெய்த லோரிஸ் ஊரின் வழக்காறுகளின்படி, ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வசித்து, அதற்குள் பழைய எசமானர் எவரும் உரிமை கோரி வராவிட்டால், அந்த மனிதர் அங்கேயே சுதந்திரமாக இருக்கலாம். காற்று எதையும் தந்துவிடவில்லை. கெடு கடந்துபோயிற்று, சாட்சிகள் இருந்தார்கள், கோர வேண்டியவர் கோரவில்லை. பழகிப்போன ஒரு வாக்கியத்தைச் சான்றாக எழுதுமுன் அதன் மூலத்தைத் தேடிப் போகும் பொறுமை இந்த வகுப்பில் மதிப்பெண்ணுக்கு உரியது.

எழுத்துச் சான்றுகளோடு நிற்காமல் நிலத்தையும் பொருளையும் படிக்கத் துணியுங்கள். நகரத்தின் வரைபடமே ஓர் ஆவணம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தின் 1120ஆம் ஆண்டுப் பட்டயம் ஒவ்வொரு வணிகருக்கும் 100 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட மனையை, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வாடகைக்கு ஒதுக்குகிறது. அதன் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. பிற்காலப் படிகள் வழியாகவே உரை கிடைக்கிறது. அப்படியானால் அந்த அளவுகள் உண்மையிலேயே பின்பற்றப்பட்டனவா என்பதை மனைப் பிரிவுகளையும் அகழாய்வையும் கொண்டு சோதிப்பதுதான் வழி. ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்தில் 1951 முதல் கிடைத்துவரும் பூர்ச்சமரப் பட்டை எழுத்துகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கடன் கணக்குகளும் வீட்டுச் செய்திகளும் அவற்றில் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறுவன் எழுத்துப் பயிற்சிக்கு நடுவே கிறுக்கிய குதிரைவீரன்கூட இருக்கிறான். தேவாலயத்தையும் அரசவையையும் மட்டும் வைத்து எழுத்தறிவை அளந்துவந்த பழக்கத்தை ஈரமண் காத்துவைத்த இந்தப் பட்டைகள் கேள்விக்குள்ளாக்கிவிட்டன. இத்தாலியின் சியெனா நகர மாளிகையில் ஓவியர் அம்ப்ரோஜோ லொரென்ஸெத்தி 1338, 1339 ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியங்களும் வகுப்பில் வரும். அவற்றைச் சியெனாவின் புகைப்படமாகக் கொள்ளாமல், அந்நகரை ஆண்ட ஒன்பது பேர் குழுவான ஒன்பதின்மர் ஆட்சி தன்னைப் பற்றித் தன் உறுப்பினர்களுக்கே சொல்லிக்கொண்ட வாதமாகப் பாருங்கள்.

ஆவணங்களில் இல்லாதவர்களையும், இருந்தும் நம் கண்ணில் படாதவர்களையும் தேடுவது தனிக் கடமை. பாரிசில் மன்னரின் நிர்வாக அதிகாரியாக இருந்த எத்தியென் புவாலோ 1268 அளவில் தொகுத்த பாரிசின் தொழில் ஒழுங்குமுறைகளில் நூறு தொழில்கள் வரை வருகின்றன. பட்டு நூற்பவர்களைப் போலப் பெண்களே நடத்திய தொழில்களும் அவற்றில் உண்டு. ஆண்களின் தொழில் சங்கம் என்ற பொதுக்கருத்தோடு படிப்பவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டே போவார். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்பையர் நகரத்து ஆயர் ரூடிகர் 1084இல் யூதர்களைக் குடியேற்றி அளித்த பட்டயம், அவர்களால் ஊரின் பெருமை ஆயிரம் மடங்கு கூடும் என்று சொல்கிறது. கும்பலின் அத்துமீறலுக்கு அஞ்சி அவர்கள் குடியிருப்பைச் சுவரால் சூழ்ந்ததாகவும் அதே பட்டயத்தில் இருக்கிறது. 12 ஆண்டுகளுக்குள், 1096இல், சிலுவைப்போர்க் கும்பல்கள் ரைன் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. வரவேற்பும் அச்சமும் ஒரே பட்டயத்துக்குள் அடுத்தடுத்து நிற்பதைக் காண மெதுவாகப் படித்தால்தான் முடியும். இத்தகைய பொருள்கள் வகுப்பில் வரும்போது பொறுப்போடு பேசுங்கள். நம்முன் இருப்பவை மனிதர்களின் இறப்புகள்.

பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறையப் பேசுபவருக்கு நிறைய மதிப்பெண் என்பது கிடையாது. ஒரு வகுப்பில் ஒருமுறை பேசினாலும் ஆவணத்தின் குறிப்பிட்ட வரியைச் சுட்டிப் பேசினால் அது எல்லோருக்கும் பயன்படுகிறது. கூச்சம் உள்ளவர்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் தாங்கள் எழுதிவந்த கேள்வியைப் படித்துவிடுவது நல்லது; நேரம் போகப்போக வாய் திறப்பது கடினமாகிவிடும். மற்றவர் சொன்னதை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். ஆனால் அவர் எந்த வரியை வைத்துப் பேசினாரோ அதே வரிக்குத் திரும்பி மறுத்தால் பேச்சு தனிப்பட்ட சண்டையாகாது. விவாதத்தை நடத்தும் முறை உங்களுக்கு வரும் வாரத்தில் அரைமணி நேரச் சொற்பொழிவோடு வராதீர்கள். இரண்டு மூன்று கேள்விகளைத் தேர்ந்து, ஆவணத்தின் எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்து வந்தால் போதும். வாராந்தரக் குறிப்புரை ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் வகுப்பை அதற்கேற்ப அமைக்க முடிகிறது.

ஆய்வுக்கட்டுரையில் மாணவர்கள் தடுக்கிவிழும் இடம் தலைப்பு. இடைக்கால நகரங்களில் பெண்கள் என்பது தலைப்பு அல்ல, ஒரு நூலகம். புவாலோவின் தொகுப்பில் வரும் பட்டுத் தொழில் விதிகள் பயிற்சிபெறும் பெண்களை எப்படி நடத்தச் சொல்கின்றன, அதே தொகுப்பின் ஆண் தொழில்களோடு ஒப்பிட்டால் என்ன வேறுபாடு தெரிகிறது என்று சுருக்கினால், ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய, உங்கள் சொந்த வாசிப்பில் நிற்கக்கூடிய கேள்வி கிடைக்கிறது. முதல் மாதத்துக்குள் ஆவணத்தைத் தேர்ந்துவிடுங்கள். கேள்வி அதிலிருந்து வரட்டும். இரண்டாம் மாத முடிவில் ஒரு முன்வரைவு எதிர்பார்க்கப்படும். அது அரைகுறையாக இருப்பதில் குற்றமில்லை, ஆனால் அதில் ஒரு வாதம் இருக்க வேண்டும். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் உண்மையில் கையில் எடுத்துப் பார்த்த பதிப்பின் பக்க எண்ணோடு. வேறொருவர் நூலில் கண்ட மேற்கோளை மூலத்திலிருந்தே எடுத்ததுபோல் காட்டுவது, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினாலும், இந்தத் துறையின் நம்பகத்தன்மையை அரித்துவிடும் செயல். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித்தரும் சுருக்கங்களுக்கும் இதுவே பொருந்தும். அவை இல்லாத பட்டயங்களையும் பக்க எண்களையும் நம்பும்படி உருவாக்கிவிடக் கூடியவை. அதைவிட முக்கியமாக, படித்துத் திகைக்கும் அந்தக் கட்டத்தை உங்களிடமிருந்து பறித்துவிடுகின்றன. உங்கள் கேள்வி பிறப்பது அந்தத் திகைப்பில்தான்.

லத்தீன் தெரியாதது தடையல்ல. கிபேரின் நூலும், லண்டன் தொல்லை வழக்குகளும், ஸ்பையர் பட்டயமும், லோரிஸ் வழக்காறுகளும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன; முதுகலைக் கட்டுரை ஒன்றை அவற்றைக் கொண்டே நன்றாக எழுதலாம். எதிர்பார்க்கப்படுவது, மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பேசுகிறோம் என்ற விழிப்பு. உங்கள் வாதம் முழுவதும் ஒரே ஒரு சொல்லின்மேல் நிற்குமானால், அந்த இடத்தில் மூலத்தில் என்ன இருக்கிறது என்று ஆசிரியரிடமோ லத்தீன் அறிந்த நண்பரிடமோ கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். முனைவர் பட்டம்வரை போகும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே அடிப்படை லத்தீனைத் தொடங்குவது நல்லது. பட்டயங்களின் மொழி திரும்பத் திரும்ப வரும் வாய்பாடுகளால் ஆனது என்பதால், செவ்வியல் லத்தீனைவிட விரைவாகப் பழகும்.

முதல் வகுப்புக்கு இன்னும் சில வாரங்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குள் பெரிய நூல்களை முடிக்க முயல வேண்டாம். லான் நிகழ்ச்சியைப் பற்றிய கிபேரின் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்து, அதில் யார் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அந்தத் தாளோடு வாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.